பதினொண்ணாம் குழாய்

— தீசிஸ்ல நன்றின்னு மேல எழுதிட்டு பக்கத்தைக் காலியா வெச்சிருக்கியே. கைடு பேரைப் போட்டு முடிச்சுட வேண்டியதுதானே?

— கைடுக்கு ரெண்டாவது வரி. முதல் வரி உனக்குக்கா.

— போடா. லேப்ல குழாய் கழுவுறவ பேர் அதுல எதுக்கு?

— பி.ஈ. முடிச்சு எல்லாரும் கம்ப்யூட்டர்னு ஓடினப்ப, இதே லேப்ல வெச்சு, கட்டடத்தை எல்லாரும் பாக்குறான், அது நிக்கிற மண்ணை எவன் பாக்குறான்னு கேட்டு என்னை இந்தப் படிப்புல தள்ளினவளே நீதானே.

— ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் பேர் வேண்டாம், விடு. எத்தனை மணிக்குக் குடுக்கணும்?

— நாலு மணிக்கு. ஏன்க்கா?

— கதவைச் சாத்து. கேட்டுட்டுக் கத்தாதே. மூணு வருஷம் முன்னாடி, பாலம் கட்டுற இடத்துலேருந்து இருபது குழாய் களிமண் கொண்டுவந்தியே. ஈரம் போகாம ரெண்டு பக்கமும் மெழுகு ஊத்தி மூடச் சொன்ன.

— ஆமா.

— பதினொண்ணாவதுல ஒரு பக்கம்தான் ஊத்தினேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து போன். போட்டது போட்டபடி ஓடினேன். மிச்சத்தை மூடினவங்க, மேல மெழுகைப் பாத்துட்டு இது முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டாங்க. மூணு வாரம் கழிச்சுப் பாத்தா அடிப்பக்கம் காஞ்சு இறுகிக் கிடக்குது. யாருக்கும் தெரியாம மெழுகு ஊத்தி மூடிட்டேன்டா.

— ம்.

— நீ அதை அழுத்திப் பாத்துட்டு, களிமண்ணுக்கு இவ்வளவு பலமான்னு குதிச்ச. அப்பவும் நான் உண்மையைச் சொல்லாம மறைச்சுட்டேன். அதை நம்பித்தானே இவ்வளவு பக்கம் எழுதியிருக்க? நாளைக்கு இதைப் படிச்சுட்டு ஒருத்தன் பாலம் கட்டினா? பட்டம் போனாலும் போகட்டும், இதைக் குடுக்காதே.

— அழாதேக்கா. மேல் மெழுகு மஞ்சள், கீழ் மெழுகு வெள்ளை. ஒரே நாள்ல ஊத்தினது அப்படி இருக்காதே. அந்த மாசமே கண்டுபிடிச்சுட்டேன். பாலத்துக்குக் குடுத்த கணக்குல பதினொண்ணு கிடையவே கிடையாது.

— அப்போ இதுல என்னதான் எழுதியிருக்க?

— சரியா மூடாத மண் காஞ்சு, எத்தனை நாள்ல எவ்வளவு பொய் பலம் காட்டும்னு. வேணும்னே அறுபது குழாயை ஒரு பக்கம் மூடாம விட்டு அளந்தேன். ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கறதும் இதைப் பாத்துத்தான். உன்னால எனக்கு ஒரு வழி கிடைச்சுதுக்கா.

— மூணு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா பாவி?

— கேட்டா நீ கூனிக்குறுகிப் போவேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. இப்பவாவது உன் பேரைப் போடலாமா?

— போடு. ஒரு பக்கம் மூட மறந்தவள்னும் சேத்துப் போடு.