பனைவிளை சபையில் காலிப் பெட்டி ஏலம் போனது பற்றி எலியா கொடுத்த வாக்குமூலம்

பெயர் எலியா. தகப்பனார் காலஞ்சென்ற யோவான். வயது அறுபத்தெட்டு நடக்கிறது. தொழில் மரச்சீனியும் வாழையும் வைத்துப் பிழைப்பது. இருப்பு நெய்யாற்றின்கரை தாலுகா, பாறசாலைப் பகுதி, பனைவிளை. பள்ளிக்கூடம் போனதில்லை. வேதபுத்தகத்தை வைத்து நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். தமிழும் மலையாளமும் வாசிப்பேன், தமிழ் எழுதுவேன்.

கொல்லம் ஆண்டு 1130 புரட்டாசி மாதம் இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி இதைச் சொல்கிறேன். ரைட்டர் மலையாளத்தில் எழுதத் தொடங்கியபோது, தமிழில் எழுதினால்தான் கையொப்பு வைப்பேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி அவர்கள், "பாட்டாவுக்கு இதிலும் போராட்டமா?" என்று கேட்டார். "ஆமா, இதிலயும் உண்டு" என்றேன். அதன் பிறகு தமிழ் எழுதத் தெரிந்த கான்ஸ்டபிள் சிவதாணுவை வரவழைத்தார். அவர் எழுதுகிறார்.

எங்கள் சபையின் செக்ரட்டரி ராபின்சன் கொடுத்த புகாரில், ஞாயிற்றுக்கிழமை அவர் ஏலத்தில் எடுத்த பிடியரிசியை நான் திருடிக்கொண்டு போனதாகவும், கூட்டம் கூடக்கூடாது என்ற சர்க்கார் தடையுத்தரவை மீறிக் கூட்டம் கூட்டிக் கோஷம் போட்டதாகவும் இருப்பதாக எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது.

பிடியரிசி என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டபடியால் சொல்கிறேன். எங்கள் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனியாக வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சிறிய ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து, பெண்கள் வரும் வாசலருகே இருக்கும் மூடி போட்ட பெரிய பலாமரப் பெட்டியில் கொட்டிவிட்டு உள்ளே போவார்கள். ஆராதனை முடிந்ததும் பெட்டியைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய், காணிக்கையாக வந்த வாழைக்குலை, கோழி, தேங்காயோடு சேர்த்து ஏலம் விடுவார்கள். மூன்று தரம் சொல்லிவிட்டால் பேச்சு மாறக்கூடாது என்பது செக்ரட்டரி போட்ட சபைச் சட்டம்.

பிடியரிசியை எப்போதும் ராபின்சன்தான் எடுப்பார். எதிராகக் கேட்பவர் கிடையாது, பாதிப்பேருக்கு அவருடைய பலசரக்குக் கடையில்தான் கடன் பற்று. எங்கள் வீட்டுப் பெண்கள் போட்ட அரிசியை அவர் கடையில் எங்கள் வீட்டுப் பெண்களே வாங்குவதுண்டு. பல வீட்டுச் சம்பாவும் குறுவையும் கலந்து கிடப்பதால் பார்த்தாலே தெரியும். இந்த அரிசியைச் சபையில் கஷ்டப்படுகிற வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் கமிட்டியில் பலமுறை கேட்டேன். போதகர், "எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. ராபின்சன், "ஓய் எலியா, சபை என்ன கஞ்சித் தொட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த ஊர்வலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் சிலர் பிடிபட்டு இன்னும் சிறையில் இருக்கிறார்கள். எங்கள் சபை தங்கப்பனும், சபைக்கு வெளியே நெசவுக்காரர் பொன்னப்பனும் அதில் உண்டு. நோயாளிகளுக்கும் வழிப்பயணிகளுக்கும் பெயர் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். தங்கப்பன் பெயர் ஒரு ஞாயிறும் சொல்லப்படவில்லை. நான் பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டதற்கு, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாதவர்களுக்காகச் சபை ஜெபிக்காது என்று போதகர் சொன்னார். தங்கப்பனின் மனைவி சத்தியபாய் அப்போது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றும் அவள் பிடியரிசி கொண்டுவந்திருந்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் புகாரில் சொல்லப்பட்ட நாள். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல நானும், சபைக் கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்குட்டி ரெத்தினதாஸும் பெட்டியைத் தூக்கப் போனோம். தூக்கியவுடனே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ரெத்தினதாஸ் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் தோளில் போட்ட நேரியலுக்குள் ஓலைப்பெட்டியை இடுக்கியபடி நின்றார்கள். அதில் ஒருத்தி, "பாட்டா, மெதுவா தூக்கும், நடு ஒடிஞ்சிரும்" என்றாள். "நல்ல பாரமாக்கும் மக்கா" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன். ரெத்தினதாஸ் நான் சொன்னபடி செய்தவர், அவர்மேல் குற்றம் இல்லை. பெண்கள் எப்போது பேசி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசியவள் யார் என்று தெரியும், சொல்லமாட்டேன்.

அதன் பிறகு ஏலம் கூறும் செல்லசாமி வாழைக்குலையையும் கோழியையும் ஏலம் விட்டு முடித்து, பெட்டியின் மூடியைத் திறக்காமலே அதைக் கையால் தட்டி, "பிடியரிசி" என்று கூப்பிட்டார். ராபின்சனும் எட்டிப் பார்க்காமலே கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. செல்லசாமி மூன்று தரம் சொல்லி முடித்தார். அதன் பிறகு ராபின்சனின் கடை ஆள் சாக்கோடு வந்து மூடியைத் திறந்து, "மொதலாளி, இதுல ஒரு பல்லி உண்டு" என்றான். ஜனங்கள் சிரித்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி ராபின்சன் சத்தம் போட்டார். செல்லசாமி, "மூணு தரம் சொல்லியாச்சு செக்ரட்டரி, நீங்க போட்ட சட்டம்தானே" என்றார். பெட்டி காலி என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் அசன அறையைத் திறந்து, வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அசன விருந்துக்குச் சோறு வைக்கும் பெரிய செம்பு அண்டாவை வெளியே உருட்டினேன். செம்பைத் தெரிந்தே எடுத்தேன். திறவுகோல் என் பொறுப்பில் உள்ளது. பெண்கள் தங்கள் தங்கள் பெட்டியிலிருந்து அதில் அரிசியைக் கொட்டினார்கள். கஞ்சி கொதித்தது. சிறையில் இருப்பவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு ஊற்றினோம். பொன்னப்பனின் மனைவி விஜயம்மா பாத்திரத்தோடு மதிலுக்கு வெளியே தயங்கி நின்றாள். "உள்ள வா மக்கா, இது கஞ்சியாக்கும், ஞானஸ்நானம் இல்ல" என்றேன். வந்தாள், சத்தியபாய் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுத்தாள். கூட்டம் கூடியது உண்மை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடாமல் எங்கே கூடுவது. கோஷம் போடவில்லை. பெண்கள் காணிக்கைப் பாட்டுப் பாடினார்கள். செக்ரட்டரிக்கு அது கோஷமாகக் கேட்டிருந்தால் நான் பொறுப்பில்லை. அதன் பிறகு செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அறையில் வைத்துப் பூட்டினேன்.

நேற்று ராபின்சன் என் மரச்சீனி விளைக்கு வந்து, அரிசியைத் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று நான் எழுதி, தூண்டிவிட்ட பெண்களின் பெயர்களையும் கொடுத்து, சபை நடுவில் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், இல்லையென்றால் என்னைச் சபையிலிருந்து நீக்குவதாகவும் சொன்னார். "கல்லறைத் தோட்டத்துல உமக்கு ஆறடி வேணுமா வேண்டாமா, நீரே தீர்மானிச்சுக்கிடும்" என்றார். என் மனைவி சுகிர்தபாய் அந்தத் தோட்டத்தில் தெற்கு மதிலோரம் கிடக்கிறாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறது. பஞ்ச காலத்தில் மரச்சீனிக் கிழங்கு மட்டும் அவிக்கிற நாளில்கூட, அரிசிக்குப் பதிலாக ஒரு துண்டுக் கிழங்கைக் கர்த்தருக்கென்று எடுத்து வைத்தவள் அவள். அந்தப் பிடி ராபின்சன் கடைக்குப் போவதற்காக அவள் எடுத்து வைக்கவில்லை.

நான் சபைக்கு விரோதி இல்லை. எங்கள் ஆட்களைப் பொதுவழியில் நடக்கவும், பெண்களை மேல்துணி போடவும் நிமிர்த்தியது இந்தச் சபை என்று என் தகப்பனார் சொல்லுவார். அன்று ராஜாவின் அதிகாரத்துக்குப் பயப்படாத சபை இன்று ஒரு கடைக்காரருக்குப் பயப்படுகிறது. அது திருந்த வேண்டும் என்று உள்ளே இருந்துகொண்டுதான் சொல்லுவேன். நீக்கினாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து என் பெஞ்சில் உட்காருவேன். பிடித்து வெளியே விட்டால் புளியமரத்தடியில் உட்காருவேன். அசன அறைத் திறவுகோலை ஒப்படைக்கமாட்டேன். கல்லறையில் இடம் இல்லையென்றால் அதைச் சுகிர்தபாயிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சிவதாணு இதை வாசித்துக் காட்ட வந்தார். நானே வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தேன். "அரிசியை எடுத்தேன்" என்று ஓரிடத்தில் இருந்ததை வெட்டச் சொல்லி, "செம்பைத் தெரிந்தே எடுத்தேன்" என்று எழுத வைத்து, வெட்டிய இடத்தில் ஓர் ஒப்பு வைத்தேன். இதில் உள்ளது நடந்தது. கூட்டிச் சொல்லவில்லை. பேசி வைத்த பெண்களின் பெயர்களைத் தவிர வேறெதையும் குறைக்கவும் இல்லை.

ஒப்பு
எலியா
பனைவிளை சபை அங்கத்தினர்