ஆறாவது அட்டை

மதிப்பிற்குரிய மையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பதில் எழுதத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்திருந்தீர்கள். இந்தக் காலத்தில் யார் அவ்வளவு யோசிக்கிறார்கள்? நன்றி.

என் தம்பிக்கு நடந்த விபத்துக்குப் பயிற்சியாளரின் கவனக்குறைவே காரணம் என்று நீங்களே எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு வயது முப்பத்தெட்டு. மனவளர்ச்சி ஆறேழு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அம்மா போனபின் பத்தொன்பது வருடமாக அவனுக்கு நான்தான். சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடுக்கவே இரண்டு வருடம் பிடித்தது. எனக்கு வந்த வரன்களிடம் "இவனும் என்கூட வருவான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அவர்களும் முதலிலேயே போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

உங்கள் பயிற்சியாளர் நாலே மாதத்தில் அவனைத் தனியாகப் பஸ்ஸில் போகும் அளவுக்குத் தயார் செய்தாள். நல்ல முறைதான். வீட்டிலிருந்து மையம் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ அட்டை. மொத்தம் ஏழு, வளையத்தில் கோத்துக் கழுத்தில் தொங்கும். வீட்டுப் பூட்டு, பஸ் நிறுத்தம், பஸ் எண், மணி அடிக்க வேண்டிய இடத்துத் தண்ணீர்த் தொட்டி, இறங்கும் படி, ரோட்டைக் கடக்கப் பச்சை விளக்கு, கடைசியில் மையத்தின் கேட். ஒன்றைத் தொட்டுப் பார்த்து, அதன்படி செய்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் திருப்புவான்.

"அட்டையில இருந்தா அண்ணன் கரெக்டா செஞ்சிடுவாரு மேடம். இல்லேன்னா, அவரைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது," என்றாள் அவள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பழகும்போது ஒரு நாள் நானும் கூடப் போனேன். தண்ணீர்த் தொட்டி வந்ததும் தம்பி எழுந்து மணியை அடித்தான்.

"இனிமே நீங்க டிக்கெட் கிழிங்க சார், நான் உக்காந்துக்கறேன்," என்று நடத்துனர் பையைக் கழற்றி நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. தம்பிக்கு முகம் கொள்ளாத பெருமை. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ வராத. நீ வீட்டக்கா," என்றான்.

"அப்ப அவங்க யாரு?" என்று பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைக் காட்டிக் கேட்டேன்.

"அவங்க அக்கா."

அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசிய சொல் அது. ஆறு வயதில், என்னைப் பார்த்துச் சொன்னது. அவனிடம் சொற்கள் அதிகம் கிடையாது. எனக்கென்று இருந்த ஒன்றையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

மூன்று வாரம் பொறுத்திருந்தேன். அவன் தனியாகப் போகவேண்டிய முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் கிழிந்துபோன மூன்றாவது அட்டையை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகக் கோத்து அனுப்பியிருந்தாள். ஒன்று குறைந்தால், கோத்தவள் மறந்துவிட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திங்கட்கிழமை காலை அவன் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது ஆறாவது அட்டையைக் கழற்றி எடுத்தேன். வளையம் இறுக்கமாக இருந்ததில் நகம் உடைந்தது. மிச்சம் ஆறும் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கழுத்தில் மாட்டினேன். தலை வாரிவிட்டு, "பத்திரமாப் போய்ட்டு வாப்பா," என்றேன்.

அவனுக்கு ஒரு பயம் தட்டினால் போதும் என்பதே என் எண்ணம். நடு ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் மிரண்டுவிடுவான், மறுநாள் என் கையைப் பிடித்துக்கொள்வான். வண்டி ஓட்டுகிறவர் பிரேக் போடுவார் என்பதையும் யோசித்தேதான் வைத்திருந்தேன். அவர் போடவும் செய்தார். தொடை எலும்பு மட்டும்தான் முறிந்தது. இனி நடப்பதற்கு ஆள் துணை வேண்டும் என்கிறார்கள். அதற்கு நான் இருக்கிறேன்.

உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். போடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். கோக்கும்போது தானே விட்டுவிட்டதாக உண்மையிலேயே நம்புகிறாள். கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என் தப்புதான்ணா, நான்தான் விட்டுட்டேன்," என்று அழுகிறாள். அவன் ஊசி குத்தியிருக்கும் கையால் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறான். "பரவால்லக்கா. பரவால்ல." நேற்று மட்டும் பதினொரு தடவை சொன்னான். நான் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அவன் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும்படி இதற்கு முன் நான் எந்தத் தப்பும் செய்ததில்லை.

கழற்றிய அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போலீசில் கொடுப்பதோ வேறெதுவோ, உங்கள் விருப்பம். முதல் வேலையாக, இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். அவள் எதையும் மறக்கவில்லை, அழுவதற்கும் அவளுக்கு ஒன்றுமில்லை. செய்தவள் நான். அவனுடைய மன்னிப்பு எனக்குச் சேரவேண்டியது. அதையும் அவள் கொண்டுபோக நான் விடமாட்டேன்.