எந்தப் பள்ளி?

“…பள்ளிக்கு வாங்கன்னு சொன்னீங்க, மச்சான். அரை மணியா பள்ளிவாசல் முன்னால நிக்கிறேன், கூட்டிட்டுப் போக ஆளையே காணோம். நான் வர்றதுக்குள்ள அக்கா பொட்டிய மூடிறாதீங்க!”

பதுளைப் பள்ளிவாசலுக்கு முன்னாலிருந்த பஸ் தரிப்பில் மலர்வளையத்தோடு நின்ற பெண் போனில் கத்தினாள். மறுமுனையில் அக்காவைக் கட்டிய சிங்களவர். அவருடைய அரைகுறைத் தமிழ் வரிசையில் நின்ற எங்களுக்கே கேட்டது.

“நாங்க பள்ளிக்குள்ளதானே, நங்கி… தங்கச்சி! பாதர் வந்தாச்சு. சுருக்கா வாங்க!”

“பாதரா?”

பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் நானா எட்டிப் பார்த்தார். “அட தங்கச்சி, அவங்க சிங்களத்துல பள்ளின்னா சேர்ச்சு, நம்ம பள்ளி இல்ல! அந்தா, மேட்டுல இருக்கு.”

மேட்டில் மணி அடிக்கத் தொடங்கியது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மலர்வளையத்தை நெஞ்சோடு அணைத்தபடி மேட்டை நோக்கி ஓடினாள்.