நாலு விரல் இடைவெளி

"ஹலோ... ஹலோ! கொழுந்தனாரே, லீவு போட்டுட்டுத் தூக்கமா? எந்திரிங்க!"

பஸ் ஜன்னல் கண்ணாடி செய்யும் ஆலையில் உலை பார்ப்பவள் அவள். எதிர்முனையில் கணவனின் தம்பி, அதே ஆலையின் ஃபிட்டர். அவள் போட்ட சத்தத்தில் ஆறு தெரு தள்ளியிருந்த அவன் தலையணை தானாகவே கட்டிலை விட்டுக் குதித்திருக்கும்.

"ஆமா, ஆமா, நான்தான்... என்ன ஆச்சா? காலையில சோதனைக்கு ஒரு கண்ணாடிய உடைச்சோம். கல்லுப்பு மாதிரி பொடிப்பொடியா உதிரணும்ல? கத்தி கத்தியா வந்து நிக்குது! உலைச் சூடு பத்தலைன்னு சூப்பர்வைசர் என் தலையில கட்டுறாரு. மத்தியானத்துக்குள்ள ஒரு கண்ணாடி ஒழுங்கா வரலேன்னா, இந்த உலைப் பக்கமே வராதேங்கறாரு. பதினோரு வருசம் வெந்திருக்கேன் இங்க!... இருங்க, நான் பேசி முடிச்சுக்கறேன்... சூடு சரியாத்தான் இருக்கு. காத்து ஊதுற நாசில் தட்டைப் பாத்தேன். கண்ணாடிக்கு மேல நாலு விரல்ல நிக்க வேண்டியது, ஒரு சாண் தள்ளி நிக்குது! யாரு ஏத்துனது?"

அவள் முகம் உலை வாயைவிடச் சிவந்திருந்தது.

"காத்த கூட்டவா? அது முழு வேகத்துலதான் ஓடுது!... அட, சுட்ட கண்ணாடி மேல சூட்டுக் காத்து போர்வை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். கிட்டேருந்து குத்தினாத்தான் அது கிழியும், கண்ணாடி சட்டுனு குளிரும். இப்ப வர்ற காத்து வழியிலயே பரவி, தடவிக் குடுத்துட்டுப் போகுது. தாலாட்டவா வெச்சிருக்கோம் அதை?... நான் எறக்க மாட்டேனா? தட்டை எறக்குற சக்கரத்துல பூட்டு தொங்குதே!... என்னது?... தட்டு கிட்ட இருந்தா எரைச்சல்ல போன் கேக்கலையா? கட்டிக்கப் போற பொண்ணோட நேத்து கொஞ்சறதுக்காக... ஐயோ! பூட்டு எதுக்கு?... நடுவுல யாராச்சும் எறக்கிடுவாங்கன்னா! அடேங்கப்பா, என்ன மூளை!... பாட்டு வேற பாடினீங்களா!... சாவி எங்க?... எங்க? கிரீஸ் டப்பாவுக்குள்ளயா!"

முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். கிரீஸ் சொட்டச் சொட்டப் பூட்டைத் திறந்து சக்கரத்தைச் சுழற்றினாள். தட்டு இறங்க இறங்க, முனகிக்கொண்டிருந்த காற்று சீறியது. பிறகு ஆயிரம் பாம்புகளை ஒரே பானையில் அடைத்தது போல் இரைந்தது. அடுத்த கண்ணாடி வந்தது, குளிர்ந்தது. மூலையில் சுத்தியலால் ஒரே தட்டு. பொலபொலவென்று உதிர்ந்தது. சூப்பர்வைசர் குனிந்து ஒரு பொடியை எடுத்து உருட்டிப் பார்த்தார். அதைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

"ஹலோ! உதிர்ந்துடுச்சு!... என்ன? மன்னிப்பா?... யார்கிட்ட சொல்லக் கூடாது? உங்க அண்ணன்கிட்டயா, அந்தப் பொண்ணுகிட்டயா?... கேக்கலை, கொழுந்தனாரே! சத்தமா... இன்னும் சத்தமா!"

போனை நாசிலுக்கு நேராக நீட்டினாள்.

"இது கேக்குதா? இதுக்கு மேல பாட முடிஞ்சா உள்ள வந்து பாடுங்க!"

கிரீஸ் விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது அழுத்தலில் இணைப்பு அறுந்தது.