நெருப்புக்கு முன்னால் பேட்டி

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகர ட்ராமில் என் முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். இளையவள்தான் தொடங்கினாள்.

"எங்கட கட்டடம் எரியேக்கை அவ பேட்டி எடுத்தவா, அக்கா."

"ஆரடி?"

"மேல்மாடி உக்ரைன்காரி. தன்ர ஊரில டிவி நிருபர். வெள்ளம், சுரங்க விபத்து, தேர்தல் எல்லாத்துக்கும் போனவா. நாங்கள் தெருவில நடுங்கிக்கொண்டு நிக்கிறம், இவ தெரிஞ்ச டொச்சுப் பாசையில ஒவ்வொருத்தரையும் 'எந்த மாடி? ஆரோட வெளியில வந்தனீங்கள்?' எண்டு கேக்கிறா."

"விசரியோ?"

"நானும் அப்பிடித்தான் ஏசினன். அவ கோவிக்கேல்லை. தீயணைக்க வந்தவையிட்டப் போய், 'மூண்டாம் மாடி ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை' எண்டு சொன்னவா."

"அங்கை ஆர் இருந்தது?"

"காது மந்தமான கிழவர். தோளில தூக்கிக்கொண்டு வந்தவங்கள்."

"பிறகு அவ?"

"கிழவரின்ர காதுக்கை குனிஞ்சு, 'ஆரோட வந்தனீங்கள்? உள்ளுக்கை இன்னும் ஆரும் இருக்கினமோ?' எண்டு கேட்டவா."