சிவப்பு டின்னில் முப்பத்தொரு சீட்டு

எனக்குச் சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளாது. கரும்பலகையில் நாலு வரி எழுதினால் எட்டுத் தும்மல் வரும். மாணவர்களைப் பேசவிட்டு ஆசிரியர் உட்கார்ந்து கேட்கும் பாடமுறை எனக்குப் பிடித்துப்போனதற்கு, அமெரிக்காவில் நான் பெற்ற ஒன்பது மாதப் பயிற்சி பாதிக் காரணம் என்றால் இந்தத் தும்மல் மீதிப் பாதி.

இதை உங்கள் விசாரணைக் குழுவிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. மூன்று பெரிய மனிதர்கள் வந்தீர்கள், என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அதில் ஒன்று, மதுரைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பது. அந்த லட்சணத்தில் எழுதிய அறிக்கையில், ஒச்சப்பன் என்ற மாணவன் கிணற்றில் விழுந்து செத்ததற்குப் பேராசிரியர் சுருளிவேலின், அதாவது என், புதிய மதிப்பீட்டு முறையே காரணம், தனிப்பட்ட எவர்மீதும் குற்றமில்லை, எனவே முறை ரத்து செய்யப்படுகிறது என்று முடித்துவிட்டீர்கள். குற்றமில்லை என்றதற்கு நான் உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதவேண்டும் என்கிறார் கல்லூரி முதல்வர். எனக்கோ அதைப் படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முறையில் ஒரு குறையும் கிடையாது. அதை நிரூபிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முறை இதுதான். பொருளாதார வகுப்பில் முப்பத்திரண்டு பேர். வாரம் முழுவதும் அவர்களே பாடத்தை எடுத்துப் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை மேசைமேல் இரண்டு பிஸ்கட் டின் வைப்பேன். நீல டின்னின்மேல், ‘இந்த வாரம் உனக்கு யாரால் பாடம் விளங்கியது?’ என்று ஒட்டியிருக்கும். சிவப்பு டின்னின்மேல், ‘இந்த வாரம் உன் படிப்புக்கு யார் இடைஞ்சல்?’ என்று ஒட்டியிருக்கும். கேள்வி டின்மேல்தான் இருக்கும், சீட்டில் ஒரு பெயர் மட்டும். எழுதியவன் கையெழுத்துப் போடக்கூடாது, யாருக்கு எழுதினான் என்று வெளியே சொல்லவும் கூடாது. சிவப்பு டின்னில் ஒருவன் பெயரைப் பாதிப் பேருக்குமேல் எழுதிவிட்டால், அவனைப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை. கடைசி விதியை நான் ஒரு கட்டுப்பாட்டுக்காகத்தான் வைத்திருந்தேன். இரண்டு வருஷத்தில் ஒருதரமும் அது தேவைப்படவில்லை. சிவப்பு டின்னில் பெரும்பாலும் வெற்றுச் சீட்டுதான் விழும்.

சரித்திரம் எடுக்கும் முகமது பாரூக் அப்போதே முனகினார். “பிள்ளைகளை ஒருத்தன்மேல ஒருத்தன் கோள் எழுத வைக்கிறீங்க சார். இது எங்க போயி நிக்கும்னு தெரியல” என்றார். புதிதாக எது வந்தாலும் முனகுவதற்கென்றே கல்லூரிக்கு ஒருவர் இருப்பார்.

ஒச்சப்பன் அய்யலூர்க்காரன். தகப்பன் நல்லுசாமி ஆட்டுச் சந்தையில் தரகு பார்ப்பவர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். துண்டுக்குள் நடந்ததைத் தரகன் சாகும்வரை வெளியே விடமாட்டான். அடுத்தவனிடம் கேட்கவும் மாட்டான். கேட்டால் அவனைச் சந்தையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். ஒச்சப்பன் அந்த வளர்ப்பு. என் சீட்டு முறையை முதல் நாளே புரிந்துகொண்டவன் அவன்தான். “துண்டுப் பேரம் மாதிரிங்க சார்” என்றான். வகுப்பு சிரித்தது. அமெரிக்காவில் படித்து வந்த முறை ஆட்டுச் சந்தைக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஒரு சுருக். நானும் வத்தலக்குண்டில் ஆடு மேய்த்த வீட்டுப் பையன்தான். அந்த வாடையை உடம்பிலிருந்து கழற்ற எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

என் இங்கிலீஷ் வகுப்புக்குப் புரியவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் தெரியவந்தது. சாயங்காலம் ஹாஸ்டல் வேப்பமரத்தடியில் ஒச்சப்பன் மறுபடி பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது என் காதில் விழுந்தது.

“ஏலே, தீபாவளிக்கு முந்தின வாரம் கெடாய்க்கு என்ன விலை சொன்னாலும் வாங்கிட்டுப் போவான். மறுவாரம் ஒரு ரூவா ஏத்திச் சொல்லு, ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். அம்புட்டுத்தான்டா எலாஸ்டிசிட்டி.”

விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்ற அந்தப் பாடத்துக்கு நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

1964 பிப்ரவரியில் சென்னையிலிருந்து பல்கலைக்கழகத்துப் பார்வையாளர் வந்தார். என் முறையை எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்தவர். வகுப்பில் அவர் எலாஸ்டிசிட்டி பற்றியே கேட்டுத் தொலைத்தார். ஒச்சப்பனோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கருப்பணன் எழுந்து கெடாய் விலையைச் சொன்னான். பார்வையாளர் அசந்துபோய், “யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார். வகுப்பு மொத்தமும் திரும்பி மூன்றாம் பெஞ்சைப் பார்த்தது. ஒருவன்கூட நான் நின்ற மேடைப் பக்கம் பார்க்கவில்லை. பார்வையாளர் ஒச்சப்பன் தோளைத் தட்டிக்கொடுத்து, என்னிடம், “நீங்கள் இனி வகுப்புக்கே வரவேண்டாம் போலிருக்கிறதே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து டின்களை என் அறைக்கு எடுத்துப்போய்த் திறந்தேன். சிவப்பில் முப்பத்திரண்டும் வெற்றுச் சீட்டு. நீலத்தில் முப்பத்தொரு சீட்டில் ஒச்சப்பன் பெயர். ஒரு சீட்டில் வேறு பெயர். அதைத் தனியே எடுத்துவைத்தேன். மீதி முப்பத்தொன்றையும் சிவப்பு டின்னில் போட்டேன். வெற்றுச் சீட்டுகளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இவ்வளவுதான் என் கை செய்தது. இரண்டு நிமிஷ வேலை.

பிறகு அவனைக் கூப்பிட்டேன். சிவப்பு டின்னை அவன் முன்னால் தள்ளி, “நீயே எண்ணிப் பார்” என்றேன்.

உட்காராமலே எண்ணினான். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, பார்த்து, திரும்ப மடித்து வைத்தான். ஏழாவதோ எட்டாவதோ பிரித்தபோது கை நின்றது. ஒரே டிரங்குப் பெட்டியில் சட்டை வைத்துப் பழகினவர்கள். கருப்பணன் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா?

“கருப்பணனுமா சார்?”

“அதைச் சொல்ல விதியில் இடமில்லை.”

“ஆமாங்க சார். கேட்டிருக்கக் கூடாது” என்று அவனே தலையை ஆட்டிக்கொண்டான். முப்பத்தொன்றையும் எண்ணி முடித்தான். “நான் மரத்தடியில பேசிக்கிட்டுக் கெடந்தது அவுகளுக்குத் தொந்தரவா இருந்திருக்கு. ஒருத்தனாவது மொகத்துக்கு நேரா சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன் சார்” என்றான். பரீட்சைக்கு அனுப்பமாட்டீர்களா என்று கேட்டான். விதி உனக்கே தெரியும் என்றேன். “அப்ப வாரேங்க சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் கருப்பணனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், என் குட்டு உடைந்திருக்கும். கேட்கமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். துண்டுக்குள் நடந்ததைக் கேட்காத வம்சம் அல்லவா. எனக்கு வேண்டியிருந்தது, அவன் ஊருக்குப் பஸ் ஏறிப் போவது மட்டும்தான். சாகச் சொல்லி நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் சம்பங்கித் தோட்டத்துக் கிணற்றில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

நீங்கள் வந்தபோது சிவப்பு டின்னை உங்கள்முன் வைத்தேன். எண்ணினீர்கள், உச்சுக் கொட்டினீர்கள். மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க உங்களுக்கு நேரமில்லை. வெளியே வகுப்பில் ஒவ்வொருவனும், நான் எழுதவில்லை, மற்ற எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் திரிகிறான். கருப்பணன் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நல்லுசாமி ஒருதரம் என் அறைக்கு வந்தார். அழவில்லை. “எம்மவன் என்ன தப்புப் பண்ணுனான் சாமி?” என்றார். ரகசியம், சொல்லக்கூடாது என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து வலதுகைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார். “வாயால சொல்லவேணாம். இதுக்குள்ள சொல்லுங்க. கட்டையில போறவரைக்கும் ஒருத்தருட்டயும் மூச்சு விடமாட்டேன். தப்புன்னா பெருவிரலைப் பிடிங்க, இல்லைன்னா சுண்டுவிரலு.” நான் கையை உள்ளே விட்டேன். காய்ப்பேறிய கை, சில்லென்றிருந்தது. பெருவிரலைப் பிடித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சொன்ன சொல் தவறாதவர். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் அறிக்கை தப்பு. முறை பொய் சொல்லவில்லை. வகுப்பில் யார் ஆசிரியன் என்று கேட்டேன், முப்பத்தொரு பேர் சரியாகச் சொன்னார்கள். டின்னை மாற்றியது நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். வரும் ஜூனில் முறையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். அது ஒன்றுதான் என் கோரிக்கை.

தனியே எடுத்துவைத்த அந்த ஒரு சீட்டையும் இத்துடன் இணைக்கலாம் என்றிருந்தேன். மனம் வரவில்லை, அது என் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ‘சுருளிவேல் சார்’ என்று அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்து ஒச்சப்பனுடையது. வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவன் கொடுத்த மதிப்பெண் அது. நான் நல்ல ஆசிரியன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?