போன் பேசத் தொடங்கிய மத்தியானம்

— நாற்பது சதவீதம். கையை எடுங்க மனுஷா, வயரைத் தடவிக்கிட்டே இருக்காதீங்க. கழண்டா மறுபடியும் முதல்லேருந்து ஏறணும்.

— கழண்டா கழண்டுட்டுப் போகுது. யார் கேட்டா இதை?

— நான் கேட்டேன். இந்த அப்டேட் எப்ப வரும் எப்ப வரும்னு ரெண்டு மாசம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் வந்துடுச்சு, நமக்கு மட்டும் வரல. இன்னைக்குக் காலையிலதான் வந்தது. மாடி வீட்டு லத்தீஃபாகிட்ட வைஃபை பாஸ்வேர்டு வாங்கி, இடம் பத்தலைன்னு என் தங்கச்சி மக கல்யாண வீடியோ எல்லாத்தையும் அழிச்சு... அல்லா மேல ஆணையா, ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போட்டவங்ககூட இவ்வளவு காத்திருக்க மாட்டாங்க.

— அழிச்சதுக்கு நன்றி. அந்தக் கல்யாணத்துல உன் தங்கச்சி பாடினதை மறுபடி கேக்க என் காதுக்குத் தெம்பில்ல.

— கிண்டல் பண்ணுங்க, பண்ணுங்க. இது ஏறினதும் போன் அரபியில பேசும். விரலை எங்க வைக்கிறீங்களோ அங்க இருக்கிறதை வாசிக்கும். கண்ணு தெரியாதவங்களுக்குன்னே பண்ணியிருக்காங்களாம்.

— எனக்குத்தான் நீ இருக்கியே ஸக்கியா. முப்பத்தொரு வருஷம் பாஸ்பேட் ஏத்துற ரயில் வண்டி ஓட்டினவன் நான். ஒழுங்கா ஓடுற வண்டியில எஞ்சினை மாத்தக் கூடாது.

— எதுக்கெடுத்தாலும் வண்டி, எஞ்சின். நாற்பத்தி மூணு.

— எத்தனை நேரம் ஆகும்?

— அரை மணின்னு போட்டான். அதைப் போட்டே அரை மணி ஆச்சு.

— அப்படின்னா டீ போடு. பாதாம் உடைக்கிறதை நிறுத்து, உன் சுத்தியல் சத்தம் மண்டையில விழுது.

— டீ அடுப்புல கொதிக்குது. புதினா வாசம் வரலையா? மூக்கும் போச்சா?

— வருது, வருது. ஸக்கியா... அது ஏறி முடியட்டும். அதுக்குள்ள காலையில வஜ்தி எழுதினதை இன்னொரு தடவை வாசியேன்.

— போன்ல சதவீதம் மட்டும்தானே ஓடுது. எதைப் பார்த்து வாசிக்க?

— பார்க்காமச் சொல்லு. உனக்கு மனப்பாடமா இருக்கும்.

— என்ன... இத்தாலியில, பலெர்மோவுல மழை. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை ரெண்டு நாளா இல்ல. ரூமுல மீன் குழம்பு வச்சானாம். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தீர்ந்துபோச்சாம். பாபாவுக்கு சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு கேட்டான்.

— பாரு, போன் இல்லாமலே எவ்வளவு அழகா வாசிக்கிறே. இது போதும் ஸக்கியா. வயரைப் பிடுங்கிடு.

— ஏன் பிடுங்கணும்?

— அந்த மிஷின் குரல் எனக்கு ஆகாது. என் புள்ளை எழுதினதை எவளோ வாசிப்பா, நான் கேக்கணுமா?

— ஆமா, கேக்கணும். எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. ரெண்டு வருஷமா தினமும் காலையில வாசிக்கிறேன். நீங்க பதிலுக்குச் சொல்லச் சொல்ல எழுதுறேன். என்னால இனிமே முடியாது மனுஷா.

— உடம்புக்கு என்ன?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுபத்தெட்டு சதவீதம். டீயைப் பிடிங்க. சூடு, பார்த்து.

— சர்க்கரை போடலையா?

— உங்க டீக்குச் சர்க்கரையே கிடையாது, தெரிஞ்சுக்கிட்டே தினமும் கேக்குறது. தொண்ணூறு. ஏய், அணைஞ்சுபோச்சு!

— நல்லதாப் போச்சு.

— இல்ல, இல்ல, மறுபடி எரியுது. அணைஞ்சு எரியும்னு லத்தீஃபா சொன்னா. நம்பர் கேக்குது. போட்டுட்டேன். மொழி... அரபி. குரல்... இதோ, போட்டாச்சு.

— வரவேற்கிறோம். உங்கள் கருவி புதுப்பிக்கப்பட்டுள்ளது. தொடர்வதற்கு, திரையை இருமுறை தட்டவும்.

— பேசுது! கேட்டீங்களா, பேசுது!

— பேசலை. வெள்ளிக்கிழமை இமாம் மாதிரி ஓதுது. எடுத்து வை.

— விரலைக் கொடுங்க.

— வேண்டாம் ஸக்கியா.

— கொடுங்கன்னேன். சின்னப் புள்ளை ஊசிக்குப் பயந்த மாதிரி இழுக்காதீங்க. இங்க வைங்க. இப்பத் தட்டுங்க.

— உரையாடல். வஜ்தி.

— ஸக்கியா, வேண்டாம்னு சொல்றேன்.

— நீங்கள் அனுப்பியது, இன்று காலை. "மகனே, என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஹரிஸ்ஸாவை உன் அம்மா அனுப்புவாள். மழையில் நனையாதே." சென்று சேரவில்லை.

— விரலை மேல தள்ளுங்க.

— நீங்கள் அனுப்பியது, நேற்று. "மகனே, உயரத்தில் ஏறிப் பெயிண்ட் அடிக்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்." சென்று சேரவில்லை.

— இன்னும் தள்ளுங்க.

— நீங்கள் அனுப்பியது, அக்டோபர் ஒன்பது. "மகனே, நம் வாசல் அத்திமரம் இந்த வருடம் காய்க்கவில்லை." சென்று சேரவில்லை.

— போதும். இதை நிறுத்து.

— நிறுத்த மாட்டேன். எவ்வளவு மேல போனாலும் இதேதான் வாசிக்கும். உங்க பேச்சு மட்டும்தான் இருக்கு இதுல. அவன் எழுதினது ஒரு வரி கிடையாது. மழை, மீன் குழம்பு, பெயிண்ட், எல்லாம் நான் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சது. போதுமா? இதை என் வாயால சொல்ல வரல. எத்தனையோ நாள் வாயைத் திறந்தேன், வரல. அதனாலதான் இந்தச் சனியன் வரட்டும், அது சொல்லட்டும்னு காத்துக் கிடந்தேன்.

— ம்.

— என்ன "ம்"? கத்துங்க. டீ கிளாஸைத் தூக்கி எறியுங்க. பொய் சொல்லிட்டேன்னு சொல்றேன்!

— நீ எழுதினது நல்லா இருந்தது ஸக்கியா. அவன் ரூம்ல தங்கியிருக்கிற மால்டாக்காரன் பூனை வளர்க்கிறான்னு ஒரு கதை சொன்னியே... எனக்கு ரொம்பப் பிடிச்சது.

— பூனையா? நான் என்ன சொல்றேன், நீங்க பூனையைப் பத்தி... அவன் நம்மளை ஒதுக்கி வச்சுட்டான் மனுஷா! ப்ளாக் பண்ணிட்டான். ஏன்னு உங்களுக்கே தெரியும். அந்த வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

— தெரியும்.

— சொல்லுங்க, என்ன சொன்னீங்க?

— கள்ளப் படகு ஏற இந்த வாசலைத் தாண்டினா நீ எனக்குப் புள்ளையில்லைன்னு சொன்னேன்.

— தாண்டிட்டான். அப்பனுக்கேத்த புள்ளை, சொன்ன சொல்லைக் காப்பாத்துறான். உயிரோட இருக்கான், பேச மாட்டேங்கிறான். எதிர் வீட்டு மன்ஜியாவோட மருமகன் பலெர்மோ ஸ்டேஷன்ல பார்த்திருக்கான், தாடி வச்சிருந்தானாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாமப் போயிட்டானாம். அந்த வைராக்கியம் யாருது? உங்களுது.

— மன்ஜியா மருமகன் எல்லாரையும்தான் பார்ப்பான்.

— பேச்சை மாத்தாதீங்க. இதுவரைக்கும் நீங்க அனுப்பினது எல்லாம் புத்திமதி. கயிறு கட்டு, நனையாதே, கம்பளி போடு. மன்னிச்சுடுன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? நான் எழுதலாம், ஆனா அது உங்க வாய்லேருந்து வரணும். இன்னைக்கு உங்க குரலையே அனுப்பலாம். லத்தீஃபா போன்லேருந்து அனுப்பிக்கலாம், அவ நம்பரை அவன் தடுத்திருக்க மாட்டான். இந்தாங்க, இதைக் கீழ அழுத்தினா போதும்.

— பதிவு தொடங்கியது.

— பேசுங்க. பேசுங்க மனுஷா!

— வஜ்தி...

— ஆங். சொல்லுங்க.

— மகனே... முடியல ஸக்கியா. அணை.

— ஒரு மன்னிப்புக் கேக்க இவ்வளவு வீம்பா? பெத்த புள்ளைகிட்ட?

— கேட்டுட்டேன்.

— எப்போ?

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே. அவன் காதுகிட்டக் குனிஞ்சு கேட்டேன்.

— காதுகிட்டயா? அவனைப் பார்த்தீங்களா? எங்க? திரும்பி வந்தானா? என்கிட்ட ஏன் வரல? எங்க பார்த்தீங்க?

— காபெஸ்ல. ஆஸ்பத்திரியில. கீழ் அறையில.

— கீழ் அறைன்னா?

— ஸக்கியா, உக்காரு.

— கீழ் அறைன்னா என்னன்னு கேக்குறேன்.

— அவங்க ஏறின படகு கெர்கென்னா தீவைத் தாண்டவே இல்லம்மா. பத்து நாள் கழிச்சு காபெஸ் பக்கம் கரையில ஒதுங்கியிருந்தான். பாக்கெட்ல பாலித்தீன் சுத்தி நம்ம ரயில்வே குடும்பப் பாஸ். அதைப் பார்த்து நம்ம ரயில் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஸ்டேஷன்லேருந்து என்னைக் கூப்பிட்டாங்க.

— இல்ல. வேற யாரோ. உங்களுக்கு அப்பவே கண்ணு மங்கல். பாதி தெரியாது உங்களுக்கு.

— அதான் கையால பார்த்தேன். தோள் எலும்பு, ஏழு வயசுல ஆலிவ் மரத்துலேருந்து விழுந்து உடைஞ்சு கோணலாச் சேர்ந்துதே, அது. அப்புறம் வலது காது மடல்ல அந்த மரு. தடவிப் பார்த்தேன். அவன்தான்.

— தாடி வச்சிருந்தான்னு சொன்னானே அவன்... ஸ்டேஷன்ல...

— அது நம்ம வஜ்தி இல்லம்மா.

— நான் தினமும் அவனுக்கு மீன் குழம்பு வச்சேனே. மழை பெய்ய வச்சேனே. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டீங்களே!

— கேட்டேன்.

— பதில் சொன்னீங்களே! கயிறு கட்டிக்கோன்னு சொன்னீங்களே!

— சொன்னேன். நீ காலையில எழுந்திருக்கிறதே அதுக்காகத்தான்னு தெரிஞ்சுது. நீ சொல்லச் சொல்ல எனக்கும்... நானும் அதுக்காகத்தான் எழுந்திருச்சேன்.

— எங்க வச்சிருக்கீங்க அவனை?

— அங்கேயே. வீட்டுக்குக் கொண்டுவர்ற மாதிரி இல்ல. என்கூட வண்டி ஓட்டின ரெண்டு பேர் வந்தாங்க. தொழவச்சு, மண்ணுல இறக்கினேன். இந்தக் கையாலதான்.

— நான் பெத்தவ. நான் ஒரு பிடி மண்ணு போடல. என்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அன்னைக்கே ஏன் சொல்லல? ஏன்யா சொல்லல?

— சொல்லத்தான் அன்னைக்கு சாயங்கால வண்டி ஏறி வீட்டுக்கு வந்தேன் ஸக்கியா. கதவைத் தட்டினேன், நீ ஓடிவந்து திறந்து, என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "வஜ்தி எழுதியிருக்கான், கரை சேர்ந்துட்டானாம்"னு சொன்னே.